குளிர் ஏரியில் இரட்டை மிதவைப் பந்தயம்

மே மாத மாலைகளில் டொராண்டோவின் செரி பீச் கரைக்குப் போனால் இரண்டு வகை மனிதர்களைப் பார்க்கலாம். அரைக்கால் சட்டையும் கையில் ஐஸ்கிரீமுமாக நடைபயில வந்தவர்கள் ஒரு வகை. இன்னொரு வகையினர் கழுத்திலும் மணிக்கட்டிலும் ரப்பர் பட்டை இறுகப் பிடிக்கும் டிரைசூட்டுக்குள் வியர்த்து வழிந்தபடி பாய்மரத்தைத் தூக்கி நிறுத்திக்கொண்டிருப்பார்கள். வெளியே 20 டிகிரி செல்சியஸ். எதிரே கிடக்கும் ஒன்டாரியோ ஏரியின் நீர் 6 அல்லது 7 டிகிரி. முதல் வகையினர் காற்றைப் பார்த்து உடுத்தியவர்கள், இரண்டாம் வகையினர் தண்ணீரைப் பார்த்து.

இந்த ஏரியின் சராசரி ஆழம் 86 மீட்டர், அதிகபட்சம் 244 மீட்டர். அவ்வளவு நீர் சூடேற மாதங்கள் பிடிக்கும். இதில் ஒரு நுட்பமும் உண்டு. நன்னீரின் அடர்த்தி 4 டிகிரியில்தான் மிக அதிகம். கரையோரத்து ஆழமற்ற நீர் வசந்தத்தில் 4 டிகிரியைத் தாண்டிச் சூடாகிறது. நடு ஏரி இன்னும் அதற்குக் கீழேயே இருக்கிறது. இரண்டும் சந்திக்கிற கோட்டில் கலந்த நீர் 4 டிகிரிக்கு வந்து கனத்துக் கீழே இறங்குகிறது. கரைநீரையும் நடுநீரையும் கலக்க விடாத ஒரு சுவர் அங்கே எழுகிறது. வெப்பத் தடுப்பு என்று இதைச் சொல்லலாம். அதனால் கரையில் கால் நனைத்துப் பார்த்து ஏரியின் வெப்பத்தைக் கணிக்கவே கூடாது. போதாக்குறைக்கு மேற்குக் காற்று தொடர்ந்து வீசினால், பூமியின் சுழற்சி மேற்பரப்பு நீரைக் காற்றின் வலப்பக்கம், அதாவது தெற்கே ஒதுக்கிவிடும். வடகரையில் இருக்கும் டொராண்டோவில் அந்த இடத்தை நிரப்ப அடியிலிருந்து குளிர்நீர் மேலே வரும். நேற்று இருந்த நீர் இன்று இருக்காது.

செரி பீச்சை ஒட்டி, அவுட்டர் ஹார்பரின் வடகரையில், சிறு பாய்ப்படகு கிளப்புகள் அருகருகே இருக்கின்றன. வாரநாள் மாலையில் பந்தயம் விடுவது வட அமெரிக்கப் படகு கிளப்புகளின் பழைய வழக்கம். மே இறுதியில் இங்கே சூரியன் மறைய இரவு எட்டே முக்கால் ஆகிவிடும் என்பதால், வேலை முடிந்து ஓடி வருகிறவர்களுக்கும் நேரம் இருக்கிறது. ஆனால் கரையில் செய்ய வேண்டிய வேலையை அவசரத்தில் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு, அவர்கள் ஓட்டுகிற கேட்டமரான் படகின் இயற்பியலைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

கேட்டமரான் என்றதும் நம் கரையோரத்துக் கட்டுமரத்தை நினைக்க வேண்டாம். இது ஒடுக்கமான இரண்டு மிதவைகளை அலுமினியச் சட்டங்களால் இணைத்து, நடுவே வலைத்துணியை இழுத்துக் கட்டிய படகு. அந்தத் துணிக்கு ட்ரம்போலின் என்று பெயர். ஆட்கள் அதன்மேல்தான் உட்காருவார்கள். இந்த வகையில் உலகெங்கும் பரவியது ஹோபி 16. கலிஃபோர்னியாவில் சர்ஃப் பலகை செய்துகொண்டிருந்த ஹோபி ஆல்ட்டர் 1960களின் இறுதியில் தொடங்கிய படகு வரிசையில் வந்தது. நீளம் 5 மீட்டர், அகலம் 2.4 மீட்டர், எடை 145 கிலோ, பாய்ப்பரப்பு ஏறத்தாழ 20 சதுர மீட்டர். மற்றப் படகுகள் பக்கவாட்டில் சறுக்காமலிருக்க அடியில் ஒரு பலகையை இறக்கும். ஹோபி 16இல் அதுவும் இல்லை. ஒவ்வொரு மிதவையின் வெளிப்பக்கமும் ஏறக்குறையத் தட்டை, உட்பக்கம் வளைவு. காற்று மறைவுப் பக்கத்து மிதவை அழுந்தி ஓடும்போது, வளைந்த பக்கத்தை நோக்கி, அதாவது காற்று வரும் திசையை நோக்கி, நீரே அதைத் தள்ளுகிறது. மணல் கரையில் அப்படியே ஏற்றி இறக்க வேண்டும் என்பதற்காகச் செய்த வடிவம். எனக்கு இந்தப் படகில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

145 கிலோ படகில் 20 சதுர மீட்டர் பாய். எது இதைக் கவிழாமல் வைத்திருக்கிறது? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். காற்று சாய்க்கும்போது கீழ் மிதவை சுழலும் அச்சு. படகின் 145 கிலோ அந்த அச்சிலிருந்து ஏறத்தாழ 1 மீட்டர் தள்ளி அழுத்துகிறது. எடையைத் தூரத்தால் பெருக்கினால் சுமார் 150 அலகு. ஆளுக்கு 70 கிலோ என இருவர், இடுப்புக் கச்சையை ட்ரப்பீஸ் கம்பியில் மாட்டி, மேல் மிதவையின் விளிம்பில் பாதத்தை ஊன்றி வெளியே நீட்டிப் படுத்தால், அவர்களின் 140 கிலோ அதே அச்சிலிருந்து 3.2 மீட்டர் அளவுக்குத் தள்ளிப் போய்விடும். அது சுமார் 450 அலகு. படகை நிமிர்த்தி வைப்பதில் நான்கில் மூன்று பங்கு ஆட்களுடைய உடம்பு.

ஈயக்கட்டை அடியில் தொங்கும் பெரிய படகு சாயச் சாய, அதை நிமிர்த்தும் விசை வளரும். கேட்டமரானில் மேல் மிதவை நீரை விட்டு எழுகிற கணமே அந்த விசையின் உச்சம். அதற்கு மேல் எழுந்தால் விசை குறையத்தான் செய்யும். பக்கவாட்டில் படுத்துவிட்டால் தானாக எழ வழியில்லை. பாய்மரம் கீழாகத் தலைகீழாய்ப் புரண்டுவிட்டாலோ, அந்த நிலையிலும் அது அசையாமல் உறுதியாக மிதக்கும். அகலம்தான் அதற்குப் பலம். அந்த அகலம் எந்தப் பக்கம் மேலே இருக்கிறது என்று பார்ப்பதில்லை.

சாய மறுக்கும் படகுக்கு இன்னொரு விலையும் உண்டு. திடீரென ஒரு வீச்சு வந்தால் ஒற்றை உடல் படகு சாய்ந்து அதை வழியவிடும். கேட்டமரான் சாயாமல் நிற்பதால் அந்த வீச்சு முழுவதும் பாய்மரத்தைப் பிடித்திருக்கும் கம்பிக்குப் போகிறது. மேலே கிடைத்த 600 அலகை, பாய்மரத்தின் அடியிலிருந்து 1 மீட்டர் அளவே தள்ளி இருக்கும் பக்கக் கம்பி தாங்க வேண்டும். அரை டன்னுக்கும் மேலான இழுவை. அந்தக் கம்பியின் தடிமன் மூன்று நான்கு மில்லிமீட்டர். அதைப் படகோடு பிடித்து வைத்திருப்பது ஒரு சிறு ஊசி. ஊசி கழன்று விழாமல் காப்பது சாவிக்கொத்து வளையம் மாதிரியான ஒரு சின்ன ரிங்.

ஆகவே வசந்தத்தின் முதல் பந்தயத்துக்கு முன் கம்பிகளைத்தான் முதலில் பார்க்கிறார்கள். 19 மெல்லிய இழைகளை முறுக்கிய துருப்பிடிக்காத எஃகுக் கம்பி அது. அது பெரும்பாலும் நடுவில் அறுவதில்லை. முனையில் குழாய்க்குள் நுழைந்து நசுக்கிப் பிடிக்கப்பட்ட இடத்தில்தான் அறும். காற்று மறைவுப் பக்கத்துக் கம்பி ஓட்டத்தில் தளர்ந்து ஆடிக்கொண்டே இருப்பதால், அந்த ஒரே இடத்தில் இழை மடங்கி மடங்கிச் சோர்ந்துவிடுகிறது. ஒரு பழைய பருத்தித் துணியால் கம்பியைத் தளர்வாகப் பிடித்து மேலிருந்து கீழே ஓட்டுவார்கள். கண்ணுக்குத் தெரியாத இழை முறிவு துணியில் கொக்கி மாதிரி மாட்டும். வெறுங்கையால் ஓட்டினால் அதே கொக்கி உள்ளங்கையில் மாட்டும். ஒரே ஓர் இழை போயிருந்தாலும் கம்பியை மாற்றிவிட வேண்டியதுதான். மீதி 18 இருக்கிறதே என்று கணக்குப் பார்க்கக் கூடாது. ஒன்றைச் சோர வைத்த அதே ஆட்டம் மற்றவற்றையும் சோர வைத்திருக்கும். ரிங்குகள் எல்லாவற்றையும் சுற்றி டேப் ஒட்டுவது இதன் கடைசிப் படி. ஆடும் கயிறு ஒன்று ரிங்கில் சிக்கி அதை உருவிவிட்டால், அரை நிமிடத்தில் பாய்மரம் தண்ணீரில்.

அடுத்து மிதவைகள். கண்ணாடி இழைத் தகடு இரண்டுக்கு நடுவே ஃபோம் வைத்துச் செய்தவை. இலையுதிர் காலத்தில் எங்காவது ஒரு விரிசல் வழியாக நீர் ஃபோமுக்குள் இறங்கியிருந்தால், குளிர்காலத்தில் அது உறைந்து ஏறத்தாழ 9 சதவீதம் பருத்துத் தகட்டை ஃபோமிலிருந்து பிரித்திருக்கும். மேல்தட்டைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே போவார்கள், முக்கியமாக முன் சட்டத்தின் தூண்கள் இறங்கும் இடத்தைச் சுற்றி. நல்ல இடம் இறுகி நிற்கும். பிரிந்த இடம் உள்ளே அமுங்கி மெல்ல நொறுங்கும் சத்தம் தரும். நாணயத்தால் தட்டினாலும் தெரிந்துவிடும், ஓசை மழுங்கி வரும்.

மிதவைக்குள் வெறும் காற்று. பின்புறம் நீரை வடிக்க ஒரு திருகு அடைப்பான். அதை மாட்ட மறந்து நீரில் இறங்குவது புதியவர்கள் மட்டும் செய்யும் காரியமல்ல; ஒவ்வொரு கிளப்பிலும் இதற்கென்றே கதைகள் உண்டு. ஆனால் மாட்டியிருந்தாலும் ஒரு சங்கதி. வெயிலில் கிடந்து 25 டிகிரிக்குச் சூடான காற்றை அடைத்துக்கொண்டு மிதவை 6 டிகிரி நீரில் இறங்குகிறது. அடைபட்ட காற்று குளிர்ந்தால் அழுத்தம் குறையும். கெல்வின் அளவில் 298இலிருந்து 279. 6 சதவீதத்துக்குச் சற்றே அதிகமான சரிவு. வளிமண்டல அழுத்தத்தில் அந்த 6 சதவீதம் என்பது ஏறத்தாழ 65 சென்டிமீட்டர் உயர நீர்த்தூணுக்குச் சமம். அடைப்பானின் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தால், மிதவை ஏரியை உறிஞ்சிக் குடிக்கும். இதற்காகத்தான் மிதவையில் ஒரு சிறு மூச்சுத்துளை விட்டிருக்கிறார்கள். குளிர்காலத்தில் அதில் சிலந்தி கூடு கட்டியிருந்தால், அதைக் குத்தி எடுப்பதும் பந்தய ஆயத்தம்தான்.

பாய்மரத்தைத் தூக்கும் முன் எல்லோரும் தலையை நிமிர்த்தி வானத்தைப் பார்ப்பார்கள். மழைக்காக அல்ல, மின்கம்பிக்காக. இந்த மரம் எட்டு மீட்டர் அலுமினியம். வண்டி நிறுத்தும் இடத்தில் மரத்தைத் தூக்கிய நிலையில் படகை உருட்டிக்கொண்டு போய், மேலே ஓடும் மின்கம்பியில் உரசி இறந்தவர்கள் உண்டு. அமெரிக்காவில் விற்கும் ஹோபி 16இன் மரத்தில் மேல்பகுதியை 1980களிலிருந்து மின்சாரம் கடத்தாத கண்ணாடி இழையில் செய்து பொருத்துகிறார்கள். பந்தயக்காரர்களில் சிலர் அதன் எடையைப் பற்றி இன்னும் முணுமுணுப்பார்கள். எனக்கு அந்த முணுமுணுப்பில் அனுதாபம் இல்லை.

நிறுத்திய மரத்தை நேராக வைப்பதில்லை. நன்றாகப் பின்னுக்குச் சாய்க்கிறார்கள். ஹோபி 16இன் மெல்லிய அணியங்களுக்கு, அதாவது மிதவைகளின் முன்முனைகளுக்கு, மிதக்கும் திறன் குறைவு. பலத்த காற்று பின்னாலிருந்து உந்தினால் அணியம் நீருக்குள் குத்திப் படகு முன்பக்கமாகக் குட்டிக்கரணம் போடும். மரத்தைப் பின்னுக்குச் சாய்த்தால் பாயின் விசை மையமும் பின்னுக்கு வரும், அணியம் கொஞ்சம் தலை தூக்கும். கூடவே, சுக்கானில் கை வலிக்கும் அளவுக்கு இழுப்பும் கூடும். அதைத் தணிக்கச் சுக்கான் தகட்டின் நுனியைப் படகுக்கு அடியில் முன்னோக்கிச் செருகியபடி பொருத்த வேண்டும். ஒன்றை மாற்றினால் இன்னொன்றை மாற்றியாக வேண்டும் என்பது பாய்ப்படகில் ஓயாத தலைவலி.

இனிக் காற்று. 5 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை 1.27 கிலோ, 30 டிகிரியில் 1.16 கிலோ. அதே வேகத்தில் வீசினாலும் குளிர்காற்று பாயை ஏறத்தாழ 9 சதவீதம் கூடுதலாகத் தள்ளுகிறது. ஆனால் வசந்தத்தின் உண்மையான விசித்திரம் இது அல்ல. ஃபிரிட்ஜைத் திறந்தால் குளிர் காலடியில் விழுவது போல, குளிர்ந்த ஏரியைத் தொட்ட காற்று கனத்து நீர்மேல் படிந்துவிடுகிறது. மேலே வேகமாக ஓடும் காற்று அந்தப் படிவைக் கலைத்துக் கீழே இறங்க முடிவதில்லை. கோடையில் சூடான நீர்மேல் காற்று கலங்கிப் புரளும்போது உச்சிக்கும் அடிக்கும் வேகம் அதிகம் வேறுபடாது. வசந்தத்திலோ ட்ரம்போலினில் உட்கார்ந்தவர் முகத்தில் படுவது மெல்லிய காற்று. எட்டு மீட்டர் உயரத்தில் பாயின் தலையில் மோதுவது வேறு காற்று. வேகம் மட்டுமல்ல, ஓடும் படகிலிருந்து பார்த்தால் திசையும் வேறு. கீழ்ப்பாய்க்கு ஏற்ற கோணம் மேல்பாய்க்குப் பொருந்தாது. எனவே பாயை இழுக்கும் கயிற்றைக் கொஞ்சம் தளர்த்தி, மேல்பகுதி வெளியே முறுக்கித் திறக்கும்படி விடுவார்கள். கோடையில் அளந்து குறித்து வைத்த கயிற்று அடையாளங்களை மே மாதத்தில் நம்பிப் பயனில்லை.

வெயில் நாளில் நிலம் சூடாகி, முற்பகலுக்குப் பிறகு ஏரியிலிருந்து தென்காற்று உள்ளே வரும். நிலத்துக்கும் நீருக்கும் வெப்ப வேறுபாடு பெரிது என்பதால் வசந்தத்தில் இது வலுவாகவே வீசும். மாலையில் நிலம் ஆறினால் அடங்கிவிடும். வாரநாள் பந்தயம் தொடங்குவது சரியாக அந்த அடங்கும் நேரத்தில். அதனால்தான் பந்தய அலுவலரின் படகில் வெள்ளையில் நீலச் சதுரம் போட்ட எஸ் கொடி கைக்கெட்டும் இடத்திலேயே இருக்கும். அது ஏறினால் ஓட்டத்தைச் சுருக்கிவிட்டார்கள் என்று பொருள்.

படகு கவிழ்வது இந்த விளையாட்டில் அவமானம் இல்லை, அன்றாடம். கோடையில் சிரித்துக்கொண்டே நீந்தி வந்து நிமிர்த்துவார்கள். 6 டிகிரி நீரில் அதற்கு வேறு கடிகாரம். கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகத்தில் குளிரில் உடல் செயல்படும் விதத்தை ஆராய்ந்த கோர்டன் கீஸ்பிரெக்ட் அந்தக் கடிகாரத்தை 1-10-1 என்று சுருக்கிச் சொன்னார். முதல் 1 நிமிடம் மூச்சு. தோல் சட்டெனக் குளிர்வதால், நினைத்தாலும் அடக்க முடியாத பெருமூச்சு ஒன்று வரும்; தொடர்ந்து மூச்சு இரைக்கும். அந்த முதல் மூச்சு தலை நீருக்குள் இருக்கும்போது வந்தால் என்ன ஆகும் என்பதை யோசித்தால், உயிர்காப்புச் சட்டையைப் படகில் கட்டி வைக்காமல் உடம்பில் ஏன் போட வேண்டும் என்று தனியாக விளக்க வேண்டியதில்லை. அடுத்த 10 நிமிடம் கை. முன்கைத் தசையும் நரம்பும் குளிர்ந்து விரல்கள் சொன்னபடி கேட்காமல் போவதற்குள் கிடைக்கும் அவகாசம் அது. கடைசி 1 என்பது 1 மணி நேரம்; உடலின் மையம் குளிர்ந்து நினைவு தப்ப ஏறத்தாழ அவ்வளவு நேரமாகும். பலரும் பயப்படுவது இந்தக் கடைசிக் கட்டத்துக்கு. ஆனால் பெரும்பாலான உயிர்கள் முதல் இரண்டு கட்டங்களிலேயே போகின்றன.

அந்த 10 நிமிடத்தில் என்னென்ன செய்ய வேண்டும்? பாய்க்கயிறுகளை அவற்றின் பிடிகளிலிருந்து விடுவிக்க வேண்டும். இல்லாவிட்டால் நிமிர்ந்த படகு ஆளில்லாமல் ஓடிவிடும், அல்லது மறுபக்கம் கவிழும். காற்று வரும் திசைக்கு மரத்தின் உச்சி திரும்பும்படி படகைச் சுற்ற வேண்டும், பாய் சற்றே எழுந்ததும் காற்று அதற்கடியில் நுழைந்து தூக்குவதற்காக. பிறகு நிமிர்த்தும் கயிற்றைப் பிடித்துக் கீழ் மிதவைமேல் நின்று இருவரும் பின்னுக்குச் சாய வேண்டும். படகு விழுந்து நிமிரும்போது முன் குறுக்குச் சட்டத்தைப் பற்றித் தொங்க வேண்டும். எல்லாமே விரல் வேலை. இருவரின் எடையும் போதுமானதாக இருக்க வேண்டும். ஹோபி 16 பந்தயத்தில் இருவருக்கும் சேர்த்துக் குறைந்தபட்சம் 129 கிலோ என்று விதி. அதைவிட லேசான இணையர் படகை நிமிர்த்தவும் சிரமப்படுவார்கள். தனியாளால் பெரும்பாலும் முடியாது.

இங்கேதான் பாய்மரத்தின் அடைப்புகள் முக்கியமாகின்றன. மரம் உள்ளே காலியானது. அடைப்பு சரியாக இருந்தால் கவிழ்ந்த படகில் அதுவே மிதவையாகி, படகு தலைகீழாகாமல் பக்கவாட்டிலேயே நிற்கும். எங்காவது ஓர் ஆணித்துளை வழியாக நீர் புகுந்தால் மரம் அமிழும்; 10 நிமிட வேலை அரைமணி வேலையாகும். சோதிப்பது எளிது. மரத்தைக் கரையோர நீரில் கிடத்தி, குமிழி வருகிறதா என்று பார்த்தால் போதும். பருவத்துக்கு ஒரு புதுப் பாய் வாங்க வைத்திருக்கும் பணத்தில் முதலில் இருவருக்கும் டிரைசூட் வாங்குங்கள் என்று எந்தக் கிளப்பிலும் சொல்வேன். டிரைசூட் உடலைச் சூடாக்குவதில்லை. உள்ளே அணிந்த கம்பளி நனையாமல் காக்கிறது, அவ்வளவுதான். காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தை உறிஞ்சும் நீரைத் தோலிலிருந்து தள்ளி வைத்தாலே அந்தக் கடிகாரம் மெதுவாகிவிடும். ஜிப்பை முழுதாக இழுத்து மூட வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

இனிப் பந்தயம். தொடங்க 5 நிமிடம் இருக்கையில் வகுப்புக் கொடி ஏறும், 4இல் ஆயத்தக் கொடி ஏறும், 1இல் அது இறங்கும், பூச்சியத்தில் வகுப்புக் கொடியும் இறங்கும். ஒலி எழுப்புவார்கள், ஆனால் கணக்கு கொடிக்குத்தான். எதிர்காற்றில் ஏறும்போது கேட்டமரான் திரும்புவதில் மந்தம். எடை குறைந்த படகுக்கு உந்தம் குறைவு, இரண்டு மிதவைகளையும் சேர்த்துத் திருப்ப வேண்டும். எனவே தேவையில்லாமல் திரும்பாதவரே முன்னேறுவார்.

காற்றோடு இறங்கும்போதுதான் புதியவர்கள் குழம்புவார்கள். அடையாள மிதவை நேர் கீழே தெரிகிறது, காற்றும் அதே திசைக்குத்தான் போகிறது, நேராகப் போனால் என்ன? நேராகப் போனால் படகின் வேகம் கூடக்கூடப் படகில் உணரும் காற்று குறையும். பெரிய பாயின் நிழலில் முன்பாய் செத்துக் கிடக்கும். அனுபவசாலிகள் அணியங்களை இணைக்கும் கம்பியில் ஒரு நூலைக் கட்டி, அது படகுக்குச் சரியாகக் குறுக்கே பறக்கும்படி பக்கவாட்டுக் கோணத்தில் ஓட்டுவார்கள். காற்று 10 நாட் என்றும், படகு நேர் கீழ்த்திசையிலிருந்து 45 டிகிரி விலகி ஓடுகிறது என்றும் கொள்வோம். நூல் 90 டிகிரியில் நிற்கிறது என்றால் படகின் வேகம் ஏறத்தாழ 7 நாட் என்று முக்கோணவியல் சொல்லிவிடும். அதில் அடையாள மிதவையை நோக்கிய பங்கு 5 நாட். தூரம் 41 சதவீதம் கூடினாலும், அந்தக் காற்றில் நேராக ஓடி 5 நாட்டை எட்டுவது ஹோபிக்குக் கடினம். காற்று அடங்கி வரும் மே மாத மாலையில் நூலைப் பார்க்காமல் அடையாள மிதவையைப் பார்த்தே ஓட்டுகிறவர் பின்தங்குவதை வாராவாரம் பார்க்கலாம்.

கோட்டை முதலில் கடந்தவர்தான் வென்றவர் என்றும் இல்லை. கிளப் பந்தயத்தில் ஹோபி 16 பக்கத்திலேயே அதைவிட நீளமான, அடிப்பலகை வைத்த, வேகமான கேட்டமரான்களும் ஓடும். ஒவ்வொரு வகைக்கும் ஒரு தகுதி எண் உண்டு. எடுத்த நேரத்தை 100ஆல் பெருக்கி அந்த எண்ணால் வகுத்து வருவதே திருத்திய நேரம். வேகமான படகுக்கு எண் சிறியது, எனவே திருத்திய நேரம் நீளும். கரைக்கு வந்து பாயைச் சுருட்டிய பிறகுதான் யார் முந்தினார் என்பதே தெரியவரும். பத்து விநாடி வித்தியாசத்தில் தோற்றவர் உடனே தேடுவது பெரும்பாலும் காற்றை அல்ல, தன் சுக்கான் தகட்டில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும் ஏரிப்பாசியை.